தீபாவளிக்கு டூல்ஸ் கிஃப்ட் குடுக்கலாம்னு இருக்கேன், யாருக்கு என்ன வாங்குறது?

சிங்காநல்லூர்_பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கங்க. இந்த தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ், பேண்ட் பிட்டு சட்டை பிட்டுன்னு போகாம உருப்படியா டூல்ஸ் ஏதாச்சும் வாங்கிக் குடுக்கலாம்னு யோசனை. மூணு பேருங்க. ஒண்ணு எங்க பெரியப்பா பையன், மர வேலை, கதவு ஜன்னல் கிச்சன் கப்போர்டு எல்லாம் பண்ணுவாரு, ரெண்டு ஆளு வச்சு சொந்தமா எடுத்து செய்றாரு. ரெண்டாவது சித்தப்பா, ஒயரிங் காண்ட்ராக்ட், இப்ப சோலார் பேனல் மாட்டுற வேலையும் சேர்த்துப் பாக்குறாரு. மூணாவது என்ற தம்பி, காலேஜ் ரெண்டாவது வருசம், ஆர்டுயினோன்னு ஒரு எலெக்ட்ரானிக்ஸ் போர்டு, அது இதுன்னு படிக்கிற டேபிள் பூரா ஒயரா பரப்பி வச்சிருக்கான். மூணு பேருக்கும் சேர்த்து பத்தாயிரம், முன்ன பின்ன போனாலும் பரவால்லீங்க. ஆன்லைன்ல 108 பீஸ் டூல் கிட்டுன்னு பெட்டியோட பளபளன்னு ஒண்ணு வருது, அதையே மூணு வாங்கிட்டா வேலை முடிஞ்சுதுன்னு வீட்டுக்காரர் சொல்றாரு. எனக்கென்னவோ மனசு ஒப்பல. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ரம்பம்_ராசா:
மனசு ஒப்பாதது நல்லதும்மா, அந்த 108ஐ விட்டுருங்க. அதுல அறுபது எழுபது உருப்படி சின்னச் சின்ன பிட்டு, மிச்சத்துல ஒரு சுத்தியல், ஒரு பிளேயர், ஒரு டேப்பு, எல்லாமே விளையாட்டுச் சாமான் தரத்துல இருக்கும். தொழில் பண்றவன் அதைப் பார்த்த உடனே சிரிச்சுக்கிட்டே வாங்கி பரண்ல வச்சிருவான்.

நான் மர வேலைதான், அதனால உங்க அண்ணனைப் பத்தி மட்டும் சொல்றேன். முதல்ல ஒண்ணு, அவரு தினமும் கையில பிடிக்கிற மெயின் சாமானை நீங்களா வாங்கிக் குடுக்காதீங்க. உளி, இழைப்புளி, ரம்பம் இதெல்லாம். எனக்கு முக்கா இன்ச் உளி ஒண்ணு இருக்கு, லாரி பட்டையில எங்க ஊர் பட்டறையில அடிச்சது, அதோட சாணை பிடிச்ச கோணம் என் கைக்குன்னே பழகிப் போனது, நீங்க ஆயிரக்கணக்குல குடுத்து வெளிநாட்டு உளி வாங்கிக் குடுத்தாலும் நான் அதைத்தான் எடுப்பேன். கடையில வர்ற புது உளி பெரும்பாலும் அப்படியே மரத்துல வைக்க ஆகாது, முதுகுப் பக்கம் தட்டையா தேய்ச்சு முனை போட்டு அப்புறம்தான் வேலைக்கு வரும்.

அப்ப என்னதான் வாங்குறதுன்னா, அவருக்கு தினமும் தேவைப்படும் ஆனா தன் காசுல வாங்க கை வராத சாமான். முதல்ல கிளாம்ப். எஃப் கிளாம்ப் ஒரு அடி, ரெண்டு அடி சைஸ்ல நாலு வாங்குங்க. பசை போட்டு ஒட்டிட்டு காய்ற வரைக்கும் பிடிச்சு வைக்க ஆள் இல்லாம செங்கல்லை தூக்கி வச்சுட்டு உக்காந்திருப்போம், எந்தப் பட்டறையிலயும் கிளாம்ப் போதும்னு யாரும் சொன்னதே கிடையாது. அடுத்து கப்போர்டு வேலைன்னா ஆட்டோ ஹிஞ்ச் (கப்போர்டு கதவைத் தானா மூடுற கீல்) குழி போடுற 35 மிமீ பிட்டு, கார்பைடு முனை வச்சதா. சாதா பிட்டு பார்ட்டிகிள் போர்டுல நாலு கதவு போட்டதும் மழுங்கிரும். அப்புறம் ப்ளை அறுக்குற 4 இன்ச் டிசிடி (பல்லுல கார்பைடு வச்ச) பிளேடு, 40 பல்லு, ரெண்டு. இது தேஞ்சு போற சாமான், எத்தனை குடுத்தாலும் வேஸ்ட் ஆகாது.

டேப்பு குடுக்கறதா இருந்தா அடி, இன்ச் போட்டதா பாருங்க. ஒரு வீட்டுக்காரர் பாவம் ஆசையா ஜெர்மனியில இருந்து டேப்பு கொண்டாந்து குடுத்தாரு, என்னா தரம்ங்க அது, ஆனா ரெண்டு பக்கமும் சென்டிமீட்டர் மட்டும்தான். நாங்க பேசுறதே ரெண்டடி மூணு இன்ச் அஞ்சு நூல்னுதான், இன்ச்சுக்கு எட்டு நூல், பசங்க கூவிச் சொல்ல நான் அறுப்பேன், அதுல போயி சென்டிமீட்டரை எங்க கொண்டு நுழைக்கிறது. இப்ப அது என் பொண்ணோட தையல் மிஷின் டிராயர்ல இருக்கு.

கவர்ல_காசு:
இவ்ளோ யோசிக்கறதுக்கு மூணு கவர் வாங்கி ஆளுக்கு மூவாயிரம் வச்சுக் குடுத்துட்டு ஜாலியா பட்டாசு வெடிங்க. அவங்களுக்குத் தெரியாதா என்ன வேணும்னு.

சிங்காநல்லூர்_பொண்ணு:
@கவர்ல_காசு அண்ணா, எங்க அண்ணங்கிட்ட பணம் குடுத்தா வாங்கவே மாட்டாருங்க, வாங்கினாலும் அது ஸ்கூல் ஃபீஸ்லயோ பால் பாக்கியிலயோ போயிரும். அவருக்குன்னு ஒண்ணு இருக்கோணும்னுதான் பொருளா பாக்குறேன்.

பிராட்வே_இரும்பு:
சென்னை பாரிஸ் பக்கம் ஹார்ட்வேர் கடையில கவுன்டர்ல நிக்கிற ஆளு நான். தீபாவளி, பொங்கல் முடிஞ்ச அடுத்த வாரம் எங்க கடைக்கு வந்து பாருங்க, கிஃப்டா வந்ததை மாத்திக் குடுங்கன்னு வரிசை கட்டுவாங்க. அதுல பாதி நம்ம கடையில வாங்குனதே இருக்காது. மத்ததுக்கு பில் இருக்காது. ஆகவே முதல் விசயம், யாருக்கு எது வாங்கினாலும் பில்லை பெட்டிக்குள்ள போட்டுக் குடுங்க. விலை தெரிஞ்சா என்ன நினைப்பாங்கன்னு வெக்கப்பட்டு பில்லை எடுத்துடறாங்க, அப்புறம் மெஷின் ஆர்மேச்சர் போச்சுன்னா வாரண்டிக்கு அந்த மனுசன் எதைக் காட்டுவாரு?

ரெண்டாவது, திரும்பி வர்றதுல நிறைய கார்ட்லெஸ் மெஷின். குடுத்தவங்க மேல தப்பு சொல்ல முடியாது, நல்ல மெஷின்தான் வாங்கியிருப்பாங்க. ஆனா வாங்கினவர்கிட்ட ஏற்கனவே வேற கம்பெனி பேட்டரி மூணு நாலு இருக்கும். போஷ் பேட்டரி மக்கிட்டாவுல ஏறாது, மக்கிட்டா டிவால்ட்ல ஏறாது. மெஷின் விலையில பாதி பேட்டரியும் சார்ஜருமே, அதனால பேட்டரி இல்லாம வெறும் மெஷினா விக்கிறதை அவர் கம்பெனியிலயே பார்த்து வாங்கினா பாதி காசுல முடியும். அண்ணன் கிட்ட என்ன கலர் மெஷின் இருக்குன்னு எட்டிப் பாருங்க, நீலமா மஞ்சளாங்கிறதை வச்சே எந்தக் கம்பெனின்னு ஓரளவு தெரியும், பேரையும் வோல்ட்டையும் சேர்த்துப் பாத்துக்குங்க. அப்புறம் 18 வோல்ட், 20 வோல்ட்னு எழுதியிருக்கறதைப் பார்த்து ரெண்டு வோல்ட் பவர் ஜாஸ்தின்னு நம்பாதீங்க. உள்ள அதே அஞ்சு செல்லுதான், ஃபுல் சார்ஜ்ல 20ஐத் தொடும், ஓடும்போது 18. ஆன்லைன்ல 48 வோல்ட், 88 வோல்ட்னு போட்டு சல்லிசா வர்றது பக்கமே போகாதீங்க.

டாங்_டெஸ்டர்:
சித்தப்பா நம்ம ஆளு போல, நான் சொல்றேன்.

எலெக்ட்ரீஷியன் கிட்ட கட்டிங் பிளேயர், ஸ்க்ரூ டிரைவர் இல்லாம இருக்காது, தபாரியா 8 இன்ச் பிளேயர் ஒண்ணு கண்டிப்பா பையில கிடக்கும், அதோட மேல் ஸ்லீவ் வெடிச்சு இன்சுலேஷன் டேப்பு சுத்தியிருப்பாரு, அதுவும் கண்டிப்பா. அந்த ஸ்லீவுக்கும் லைவ் வேலைக்குன்னே, அதாவது கரண்ட் இருக்கும்போதே பாக்குற வேலைக்குன்னே டெஸ்ட் பண்ணி வர்ற டூலுக்கும் வித்தியாசம் இருக்கு. கைப்பிடியில ரெட்டை முக்கோணம் மாதிரி ஒரு குறியும் பக்கத்துல 1000 வோல்ட்னும் போட்டிருந்தா அது ஐஇசி 60900 ஸ்டாண்டர்ட்ல வர்றது, ஒவ்வொண்ணையும் 10,000 வோல்ட்ல டெஸ்ட் பண்ணி 1000 வோல்ட் ஏசி வரைக்கும் ரேட்டிங் குடுப்பாங்க. டிசின்னா 1500. சோலார் வேலைன்னு சொன்னீங்களே, அங்க பேனல் வரிசையா சீரிஸ்ல போட்டா நூத்துக்கணக்கான வோல்ட் டிசி வெயில் இருக்கற வரைக்கும் நின்னுக்கிட்டே இருக்கும், ஸ்விட்ச் போட்டு பேனலை ஆஃப் பண்ண முடியாது. அந்த மாதிரி ஸ்க்ரூ டிரைவர் செட்டு ஒண்ணு, கம்பி நுனி வரைக்கும் இன்சுலேஷன் போட்டது, குடுத்தீங்கன்னா அவரா எந்தக் காலத்துலயும் வாங்கியிருக்க மாட்டாரு. சாதா டிரைவர் நூறு ரூவாய்க்கு கிடைக்கும்போது அதுக்கு மூணு நாலு மடங்கு குடுக்க எவனுக்கும் மனசு வராது, எனக்கும்தான்.

இன்னொண்ணு டாங் டெஸ்டர். ஒயரைக் கழட்டாம சுத்திப் பிடிச்சாலே எத்தனை ஆம்பியர் போகுதுன்னு காட்டும். ஆனா மலிவா வர்றது பலதும் ஏசி ஆம்பியர் மட்டும்தான் காட்டும். சோலார், இன்வெர்ட்டர் பேட்டரி பாக்கறவருக்கு டிசி ஆம்பியரும் காட்டணும், கடையில இதைக் கேட்டே வாங்குங்க, டப்பா மேல ஆம்பியர்னு போட்டிருக்குன்னு தூக்கிட்டு வந்துறாதீங்க.

அந்த மஞ்சக் கலர் குட்டி மல்டிமீட்டர் இருக்கே, பஜார் பூரா தொங்கும். பேட்டரி, பல்பு செக் பண்ண ஓகே. மெயின்ஸ்ல வேலை பாக்குறவருக்கு அது வேணாம். 10 ஆம்பியர் சாக்கெட் பக்கத்துல ஃப்யூஸ் இல்லைன்னு அவனே இங்கிலீஷ்ல எழுதி வச்சிருப்பான், அந்த ஓட்டையில ப்ரோப் இருக்க மறந்து போய் 230ல வச்சீங்கன்னா கையிலயே வெடிக்கும்.

வெள்ளிக்கிழமை_விரதம்:
யாராவது இதைச் சொல்வீங்கன்னு பார்த்தேன், யாரும் சொல்லல. சனிக்கிழமை இரும்பு வாங்காதீங்க. அப்புறம் உளி, கத்தி, கத்தரிக்கோல் எல்லாம் கிஃப்டா கையில குடுத்தா உறவு வெட்டிக்கும்னு எங்க பாட்டி சொல்லும். கீழ வச்சு எடுத்துக்கச் சொல்லணும், இல்ல ஒரு ரூவா காசு பதிலுக்கு வாங்கிக்கணும்.

பிராட்வே_இரும்பு:
@வெள்ளிக்கிழமை_விரதம் அக்கா நீங்க வேற, சனிக்கிழமைதான் சைட்ல கூலி போடுற நாளு, எங்களுக்கு வாரத்துலயே பெரிய வியாபாரம் அன்னிக்குத்தான். ஆனா அந்த ஒரு ரூவா பழக்கம் நிஜம், கடையில பாக்குறேன், மாமனாருக்கு அரிவாள் வாங்கிட்டுப் போன ஒருத்தர் இங்கயே சில்லறை மாத்திட்டுப் போனாரு.

ரம்பம்_ராசா:
நான் நம்புறேனோ இல்லையோ உளியை கையில இருந்து கைக்கு வாங்க மாட்டேன். முனை பட்டா கட்டை விரல் போகும், சாஸ்திரம் அப்புறம்.

ஷார்ஜா_சைட்_ஃபோர்மேன்:
வெளிநாட்டுல இருந்து வாங்கிட்டு வரலாம்னு நினைக்கிறவங்களுக்கு ரெண்டு வார்த்தை. அமெரிக்காவுல இருக்கற மச்சான் கிட்ட சொல்லி கரண்ட்ல ஓடுற ட்ரில்லு, கிரைண்டர் வாங்காதீங்க. அங்க 120 வோல்ட், நம்ம ஊர்ல 230. சொருகின உடனே புகை வரும். கன்வெர்ட்டர் போட்டுக்கலாம்பாங்க, ஆயிரம் வாட் மெஷினுக்கு அந்த ட்ரான்ஸ்ஃபார்மரைத் தூக்கவே தனி ஆளு வேணும். பேட்டரி மெஷின்லயும் அதே கதைதான், மெஷின் ஓடும் ஆனா சார்ஜர் 120க்குத்தான் இருக்கும், சார்ஜரை மட்டும் இங்க வாங்கணும். துபாய், ஷார்ஜா, சிங்கப்பூர்ல வாங்கினா வோல்டேஜ் பிரச்சனை இல்ல, பிளக்குதான் பிரிட்டிஷ் கட்டைப் பின்னு, அதை வெட்டிட்டு நம்ம பின் டாப் மாட்டிக்கலாம். ஆனா வாரண்டி அங்கதான், இங்க சர்வீஸ் சென்டர்ல எடுக்க மாட்டாங்க பல சமயம்.

ஃப்ளைட்ல வர்றப்ப டூல்ஸ் எல்லாம் செக்கின் பேக்ல. தனியா இருக்கற லித்தியம் பேட்டரி மட்டும் கையில கொண்டு போற பேக்ல, டெர்மினல்ல டேப்பு ஒட்டி. 100 வாட் அவர் வரைக்கும் கேள்வி இல்ல. 18 வோல்ட் 5 ஆம்பியர் அவர் பேட்டரின்னா பெருக்கிப் பாருங்க 90, தப்பிச்சுது. 6 ஆம்பியர் அவர் போனா 108, ஏர்லைன்ஸ் கிட்ட முன்னாடியே பர்மிஷன் கேக்கணும். நம்ம ஆளுங்க சென்னை ஏர்போர்ட்டுக்கு கிளம்பறப்ப பேட்டரியை பெரிய பெட்டியில போட்டுட்டு கவுன்டர்ல பெட்டியைப் பிரிச்சு துணி எல்லாம் வெளிய எடுத்துக்கிட்டு நிக்கறதை ஒவ்வொரு தடவையும் பாக்கலாம்.

ரிச்சி_ஸ்ட்ரீட்_ரவுண்டு:
தம்பிக்கு நான். ஆர்டுயினோ பையன்னா முதல் கேள்வி அவன்கிட்ட ஈயம் உருக்கி ஒயரை ஒட்டுற சால்டரிங் அயர்ன் இருக்கா, என்னது இருக்கு. பெரும்பாலும் சோல்ட்ரான் கம்பெனி 25 வாட் அயர்ன் ஒண்ணு இருக்கும், இந்தியாவுல எலெக்ட்ரானிக்ஸ் படிச்சவன் பாதிப் பேரு அதுலதான் கை சுட்டுக்கிட்டு கத்துக்கிட்டது, குறை சொல்ல மாட்டேன். ஆனா அதுல சூட்டைக் கூட்டிக் குறைக்க முடியாது. டெம்பரேச்சர் செட் பண்ற அயர்ன் ஒண்ணு, இப்ப டைப் சி சார்ஜர்ல ஓடுற பேனா சைஸ் அயர்ன் எல்லாம் வருது, பைனெசில் மாதிரி, லேப்டாப் சார்ஜர் 65 வாட் இருந்தா ஜம்முனு பத்து செகண்ட்ல சூடாகிரும். ஹாஸ்டல் பையனுக்கு இதைவிட நல்ல கிஃப்ட் எனக்குத் தெரியல. இது பட்ஜெட்ல பெருசா போகுதுன்னா சின்னதா, ஆனா நல்லதா: 63/37 ஈயம் நல்ல கம்பெனி ஒரு ரோல் (வெள்ளீயம் 63 பங்கு, காரீயம் 37 பங்கு, 183 டிகிரியில சட்டுனு உருகி சட்டுனு கெட்டியாகும், ஜாயிண்ட் ஆடாது), ஈயம் நல்லா ஒட்ட தடவுற ஃப்ளக்ஸ், ஈயம் உறிஞ்சுற பம்ப், பித்தளை நார் வச்ச டிப் க்ளீனர், ஒயர் நுனியை ஒட்ட வெட்டுற ஃப்ளஷ் கட்டர். இந்த அஞ்சையும் ஒரு டப்பால போட்டுக் குடுங்க, ஒரு வருசத்துக்கு உங்களை மறக்க மாட்டான்.

மீட்டர் விசயத்துல ஒண்ணு. ஃப்ளூக் 101னு ஒண்ணு எல்லாரும் கைகாட்டுவாங்க, கைக்குள்ள அடங்குற சைஸ், கேட் 3 (மெயின்ஸ் போர்டுல வச்சுப் பாக்கலாம்ங்கிற சேஃப்டி தரம்) 600 வோல்ட், சேஃப்டிக்கு தங்கம். ஆனா அதுல ஆம்பியரே கிடையாது. ஆர்டுயினோக்காரனுக்கு எத்தனை மில்லி ஆம்பியர் இழுக்குதுன்னு பார்த்தே ஆகணும். சித்தப்பாவுக்கு சரியா இருக்கற மீட்டர் தம்பிக்கு சரியா இருக்காது, இதைத்தான் சொல்ல வந்தேன்.

ஆர்எக்ஸ்_வெறியன்:
பைக் நோண்டுற பசங்களுக்கு யாரும் சொல்லலையே. என்கிட்ட ஆர்எக்ஸ் 100 இருக்கு. யமஹா, ஹோண்டா, சுசுகி இதுல எல்லாம் பழைய வண்டியில கார்புரேட்டர், கிராங்க் கவர்ல இருக்கற ப்ளஸ் ஸ்க்ரூ நம்ம கடையில கிடைக்கிற சாதா ஸ்டார் டிரைவருக்கு ஏத்ததில்ல, ஜேஐஎஸ்னு ஜப்பான் அளவு. சாதா டிரைவர் பார்க்க சரியா உக்காந்த மாதிரி இருக்கும், அழுத்தி திருப்பினா வழுக்கிட்டு மேல வரும், தலை மொழுக்குன்னு ஆயிரும், அப்புறம் உளி வச்சு தட்டி எடுக்கறதுதான். வெசல்னு ஜப்பான் கம்பெனி டிரைவர் இருக்கு, சுத்தியால பின்னாடி அடிச்சா முன்னாடி திரும்புற இம்பாக்ட் டிரைவரும் அவங்ககிட்ட வருது. பைக் மெக்கானிக் யாருக்கும் இதை வாங்கிக் குடுங்க, உங்க வண்டியை முதல் ஆளா எடுத்து பார்ப்பாரு. கூடவே ஒரு அஞ்சு 10 நம்பர் ஸ்பேனர். அது ஏன்னு மெக்கானிக்கை கேளுங்க சொல்வாரு.

பட்டறை_முதலாளி:
நல்ல இழை. எனக்கும் ஒரு கேள்வி. சின்ன ஃபேப்ரிகேஷன் பட்டறை, ஆறு பேரு வேலை பாக்குறாங்க. வருசா வருசம் தீபாவளிக்கு போனஸ் பணமா குடுப்பேன். இந்த வருசம் ஆளுக்கொரு நல்ல கிரைண்டர், இல்ல டூல் பாக்ஸ்னு குடுத்தா ஞாபகமா இருக்குமேன்னு தோணுது. அந்தப் பணத்துலயே. எப்படி?

டாங்_டெஸ்டர்:
வேணாம் சார்.

கரணை_பிடிச்ச_கை:
@பட்டறை_முதலாளி அண்ணே கோவிச்சுக்காதீங்க, நேராவே சொல்றேன். உங்க பட்டறையில உங்க வேலை செய்யற கிரைண்டரை நீங்க வாங்கி வைக்கணும்ணே. அதைப் போயி அவன் போனஸ்ல வாங்கிக் குடுத்தா அவன் தீபாவளிக்கு பொண்டாட்டி புள்ளைக்கு துணி எடுக்கறதை நிறுத்தி உங்க கிரில்லுக்கு மெஷின் வாங்கினதாத்தானே ஆகுது. நான் கொத்தனாரா முப்பது வருசமா வேலை பாக்குறேன், ஒரு காண்ட்ராக்டர் இப்படித்தான் ஒரு தீபாவளிக்கு எல்லாருக்கும் கரணையும் ரசமட்டமும் பரிசுன்னு குடுத்தாரு, மறு வாரமே பாதிப் பேர் வேற சைட்டுக்குப் போயிட்டோம். போனஸ் போனஸா இருக்கட்டும், அதுக்கு மேல உங்க சந்தோசத்துக்கு குடுக்கறதுதான் கிஃப்ட்டு.

பட்டறை_முதலாளி:
அந்தக் கோணத்துல நான் பாக்கல. ஆனா ஒண்ணு சொல்லணும், ரெண்டு பேரு வெளிய ஞாயித்துக்கிழமை சொந்த வேலை எடுத்து செய்றாங்க, அவங்களுக்கு சொந்தமா மெஷின் இருந்தா உதவும்தானே?

கரணை_பிடிச்ச_கை:
அந்த ரெண்டு பேருக்கு உதவும்ணே, ஒத்துக்குறேன். அவங்களைத் தனியா கூப்பிட்டு பணமா மெஷினான்னு கேளுங்க. கேட்டா கௌரவக் குறைச்சல் ஒண்ணுமில்ல.

வெல்டிங்_வேலு:
ஃபேப்ரிகேஷன்னு சொன்னதால நானும் உள்ள வர்றேன். முதலாளி, போனஸுக்கு மேல குடுக்கறதா இருந்தா ஆட்டோ டார்க் ஹெல்மெட் வாங்கிக் குடுங்க. ஆர்க் அடிச்ச நொடியில தானா கறுப்பாகும், நிறுத்தினா தெளிவாயிரும், ரெண்டு கையும் ஃப்ரீ. கைக் கண்ணாடி பிடிச்சு வெல்டு வைக்கிறவன் பாயிண்ட் பாக்கறதுக்காக முதல் ஆர்க்கை வெறுங்கண்ணுல அடிப்பான், நாள் பூரா அப்படி நூறு தடவை. நைட்டு படுத்தா கண்ணுக்குள்ள மணலைக் கொட்டின மாதிரி உறுத்தும், தூக்கம் போச்சு, உருளைக்கிழங்கு வெட்டி வைக்கிறது, தாய்ப்பால் விடுறதுன்னு ஊர்ல எல்லா வைத்தியமும் பார்த்தாச்சு. ஷேடு, அதாவது கறுப்போட அளவு, 9ல இருந்து 13 வரைக்கும் மாத்துற மாதிரி இருக்கணும், உள்ள பேட்டரி மாத்துற மாதிரி இருக்கணும், சோலார்ல மட்டும் ஓடும்னு சீல் பண்ணி வர்றது ரெண்டு வருசத்துல குப்பை. முன்னாடி மாட்டுற ப்ளாஸ்டிக் கண்ணாடி தீப்பொறி பட்டு மங்கிரும், அது பத்து சேர்த்து வாங்கிக்குங்க.

கிரைண்டர் கிஃப்ட் குடுக்கறவங்களுக்கு இன்னொண்ணு. 4 இன்ச் கிரைண்டர் நிமிசத்துக்கு 11,000 சுத்து. அதுல டிஸ்க்கை மூடியிருக்கற பாதுகாப்பு மூடியைக் (கார்டு) கழட்டிட்டு மரம் அறுக்கற பல் பிளேடை மாட்டி ஓட்டறதை ரீல்ஸ்ல பார்த்துட்டு பசங்க பண்றானுங்க. பல்லு மரத்துல மாட்டினா மெஷின் உதறிட்டு உங்க பக்கம்தான் வரும், பிடிச்சு நிறுத்த ஒருத்தனாலயும் ஆகாது. ஹாபிக்குன்னு கேக்கற பையனுக்கு முதல் மெஷினா கிரைண்டர் குடுக்காதீங்க, அவ்ளோதான். டிஸ்க்கு வாங்கினா நடுவுல இருக்கற இரும்பு வளையத்தைப் பாருங்க, எக்ஸ்பைரி தேதி அடிச்சிருக்கும், தயாரிச்சதுல இருந்து மூணு வருசம். பழைய ஸ்டாக்கை ஆஃபர்ல தள்ளுவாங்க.

பிராட்வே_இரும்பு:
வளையத்துல தேதி இருக்கறது நிறைய பேருக்குத் தெரியாது, தெரிஞ்சவன் வந்தா எங்க முதலாளிக்கு முகம் மாறும் 😀

மொட்டைமாடி_மல்லி:
ஆம்பளைங்க சாமானாவே போயிட்டு இருக்கு. எங்க அம்மாவுக்கு போன பொங்கலுக்கு செடி வெட்டுற கத்தரி வாங்கிக் குடுத்தேன், ஃபால்கன். ரெண்டு பிளேடும் கத்தரிக்கோல் மாதிரி ஒண்ணை ஒண்ணு தாண்டிப் போற டைப்பா வாங்கணும், பச்சைக் கிளை நசுங்காது. ஒரு பிளேடு தட்டையான பட்டை மேல வந்து முட்டுற டைப் காஞ்ச குச்சிக்குத்தான் லாயக்கு. கைக்கு அடக்கமா சின்ன சைஸ் கேளுங்க, அம்மாங்க கைக்கு 8 இன்ச்சே பெருசு, ஸ்பிரிங் அழுத்த முடியாம திரும்பவும் காய்கறிக் கத்திக்கே போயிடுவாங்க.

கரணை_பிடிச்ச_கை:
கொத்தனாருக்கு, டைல்ஸ் போடுறவருக்கு யாராச்சும் குடுக்க நினைச்சா லேசர் லெவல் குடுங்க, பச்சைக் கோடு விழுற மாதிரி, செவப்பை விட பச்சை வெளிச்சத்துல நல்லா தெரியும். நாங்க இன்னமும் டியூப்புல தண்ணி ஊத்தி மட்டம் பார்க்குறோம், அதுல தப்பு வராது, ஆனா ரெண்டு ஆளு வேணும், உள்ள காத்துக் குமிழி நிக்காம பாக்கணும். லேசர்னா ஒரு ஆளு போதும். வாங்கின உடனே கடையிலயே சோதிங்க, ஒரு சுவர் பக்கத்துல மெஷினை வச்சு, கோடு விழுற இடத்துல எதிரெதிர் சுவர் ரெண்டுலயும் புள்ளி போட்டுட்டு, மெஷினை எதிர்ச் சுவர் பக்கம் கொண்டு போயி அங்க இருக்கற புள்ளிக்கு உயரத்தைச் சரி பண்ணி, முதல் சுவர் புள்ளியிலயும் கோடு விழுதான்னு. சாதா ரசமட்டத்துக்கும் அதேதான், வச்சுப் பாத்துட்டு அப்படியே தலைமாடு கால்மாடா திருப்பி வைங்க, குமிழி ரெண்டு தடவையும் அதே இடத்துல நிக்கணும். நிக்கலைன்னா எத்தனை பெரிய கம்பெனி பேரு போட்டிருந்தாலும் வைங்க கீழ.

ரம்பம்_ராசா:
சரியா 90 டிகிரி இருக்கான்னு பாக்கற மூலமட்டத்துக்கும் ஒரு சோதனை உண்டு. நேரான பலகை ஓரத்துல வச்சு ஒரு கோடு போடுங்க, அப்படியே மறுபக்கம் புரட்டி அதே இடத்துல இன்னொரு கோடு. ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்தா சரி. விரிஞ்சா அந்த விரிவுல பாதிதான் மூலமட்டத்தோட கோணல். கடைக்காரர் பலகை தர மாட்டேன்னா வேற கடை.

சிங்காநல்லூர்_பொண்ணு:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, இவ்ளோ வரும்னு நினைக்கவே இல்ல. நேத்து சும்மா போற மாதிரி அண்ணன் பட்டறைக்குப் போய் பாத்தேன், மெஷின் எல்லாம் நீலக் கலரு, பேட்டரி நாலு சார்ஜ்ல கிடந்துச்சு. கிளாம்ப் மொத்தமே ரெண்டு, அதுல ஒண்ணு ஸ்க்ரூ வளைஞ்சது. அதனால நாலு கிளாம்ப்பும் ரெண்டு பிளேடும் 35 மிமீ பிட்டும் வாங்கறதா முடிவு. தம்பிக்கு அந்த பேனா அயர்ன், ஈயம். அவனுக்கு ட்ரில்லிங் மெஷின் ஆசையும் இருக்குதாம், அலமாரி மாட்ட. 12 வோல்ட் குட்டி மெஷின் போதுமாங்க? சித்தப்பாவுக்குத்தான் குழப்பம், டிசி காட்டுற டாங் டெஸ்டரா, 1000 வோல்ட் டிரைவர் செட்டா, இல்ல ரப்பர் க்ளவுஸ் வாங்கலாமா?

பிராட்வே_இரும்பு:
12 வோல்ட் குட்டி மெஷின் மரம், ஸ்க்ரூ, தகரத்துக்கு அருமை. செங்கல் சுவத்துக்கு சுத்தியல் குறி போட்ட இம்பாக்ட் மாடல் வாங்கினா ஓட்டை போடும். லிண்டல், பீம், கான்கிரீட் சுவருன்னா எதுவும் ஆகாது, பிட்டு சிவந்துரும், அதுக்கு எஸ்டிஎஸ்னு பின்பக்கம் காடி வச்ச பிட்டு போடுற ரோட்டரி ஹேமர்தான் வேணும். ஒரு அலமாரிக்காக அதை வாங்காதீங்க, சித்தப்பா கிட்ட கண்டிப்பா இருக்கும், ஒரு நாள் கடன் கேளுங்க. தீபாவளிக்கு முந்தின மூணு நாள் கடைத்தெருவுல கால் வைக்க முடியாது, கோயமுத்தூர்லயும் அப்படித்தான் இருக்கும், ஒரு வாரம் முன்னாடியே போயிருங்க, கடைக்காரர் பொறுமையா பெட்டியைப் பிரிச்சுக் காட்டுவாரு.

டாங்_டெஸ்டர்:
சித்தப்பாவுக்கு டிரைவர் செட்டு + டிசி டாங் டெஸ்டர் சேர்ந்து பட்ஜெட் தாண்டுச்சுன்னா டிரைவர் செட்டை எடுங்க, மீட்டரை அவரே ஒரு நாள் வாங்கிப்பாரு, தொழிலுக்கு அது இல்லாம முடியாது. ரப்பர் க்ளவுஸ் வாங்கறதா இருந்தா கிளாஸ் 0னு போட்டது, 1000 வோல்ட் ஏசிக்கு. மேல போட்டுக்க மெல்லிசா தோல் க்ளவுஸ் ஒண்ணும் வேணும், இல்லைன்னா கம்பி குத்தி ரப்பர்ல பொத்தல் விழுந்துரும், பொத்தல் விழுந்ததை நம்பி கை வைக்கறது வெறுங்கையை விட மோசம். போடுறதுக்கு முன்ன ஒவ்வொரு தடவையும் க்ளவுஸ் வாயை மடிச்சு சுருட்டி காத்தை அடைச்சு, எங்கயாச்சும் புஸ்ஸுனு போகுதான்னு காதுல வச்சுப் பாக்கணும். எக்ஸ்பையரி ஆகாம, மடிச்சு வைக்காம, வெயில்ல போடாம வைக்கணும். இதையெல்லாம் பாக்குற ஆளான்னு யோசிச்சுட்டு வாங்குங்க.

சிங்காநல்லூர்_பொண்ணு:
பாப்பாருங்க, ஹெல்மெட் இல்லாம ஸ்கூட்டர் எடுக்காத மனுசன். சைஸ் எப்படி பாக்குறதுங்க, 9, 10னு போட்டிருக்குதே?

டாங்_டெஸ்டர்:
கட்டை விரலை விட்டுட்டு உள்ளங்கையைச் சுத்தி தையல் டேப்புல அளக்கணும், எத்தனை இன்ச்சோ அதுதான் நம்பர். ரெண்டு நம்பருக்கு நடுவுல வந்தா பெருசை எடுங்க, டைட்டா இருந்தா ஸ்க்ரூ பிடிக்க விரல் மடங்காது.